மந்தக் காலத்தில் உத்தியோகம் தேடிய மேதை – ஜான் பார்டீன்

பௌதிகத்துக்கான நோபல் பரிசை இரண்டு முறை பெற்றவர் இதுவரை உலகில் ஒருவர்தான். அவர் அமெரிக்க விஞ்ஞானி ஜான் பார்டீன். 1956-ல் டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்ததற்காகவும், 1972-ல் மீக்கடத்தல் என்ற அதிசயத்துக்கு விளக்கம் தந்ததற்காகவும் அவர் அப்பரிசைப் பகிர்ந்து கொண்டார். நம் தலைமுறையினர் கிரிக்கெட் வர்ணனை கேட்ட சின்ன ரேடியோப் பெட்டியில் தொடங்கி, பேரன் பேத்திகள் கையில் இருக்கும் கைபேசி வரை அனைத்திலும் அவருடைய உழைப்பு இருக்கிறது. ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. எடுத்துக் கொள்ளும்போது நம்மைச் சுற்றியிருக்கும் காந்தம் வேலை செய்யும் விதத்துக்கு அடிப்படைக் காரணத்தைச் சொன்னவரும் அவரே. இருந்தும் ஐன்ஸ்டீன், எடிசன் போல அவர் பெயர் பாமரர் வாயில் வழங்கவில்லை.

அவருடைய விஞ்ஞானத்தைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. அதிகம் கவனிக்கப்படாத ஒரு விஷயம் உண்டு. அவர் படிப்பை முடித்து வேலைக்குப் போக வேண்டிய வருஷம் 1930. உலகம் கண்ட மிகப் பெரிய பொருளாதார மந்தம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. அந்த ஒரு தற்செயல் அவர் வாழ்க்கையின் அடுத்த இருபது வருஷங்களை எப்படித் திருப்பியது என்பதைத் தெரிந்து கொள்வது, இன்று படித்து முடித்த பிள்ளைகள் இருக்கும் எந்தக் குடும்பத்துக்கும் பயன்படும்.

இளமையும் படிப்பும்

பார்டீன் 1908-ம் ஆண்டு மே மாதம் 23-ம் தேதி விஸ்கான்சின் மாநிலத்தின் மாடிசன் நகரில் பிறந்தார். தகப்பனார் சார்லஸ் பார்டீன், விஸ்கான்சின் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் முதல் டீன். தாயார் ஆல்தியா, திருமணத்துக்கு முன் சிகாகோவில் ஆசிரியையாக இருந்தவர். பிள்ளையின் கணித அறிவைக் கண்டு, பள்ளியில் மூன்றாம் வகுப்பிலிருந்து நேராக ஏழாம் வகுப்புக்கு அவரை உயர்த்தினார்கள். அவருக்குப் பன்னிரண்டு வயதாகும்போது, 1920-ல், தாயார் புற்றுநோயால் காலமானார். பதினைந்தாவது வயதில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, ஊரில் இருந்த பல்கலைக்கழகத்திலேயே எலெக்ட்ரிகல் இன்ஜினீயரிங் சேர்ந்தார்.

கணிதத்தில் அத்தனை ஈடுபாடு இருந்தும் இன்ஜினீயரிங்கைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அதில் உத்தியோக வாய்ப்பு அதிகம் என்ற எண்ணம்தான். நம் வீடுகளில் இன்றும் நடக்கிற கணக்கு அது. இடையில் சில மாதங்கள் படிப்பை நிறுத்திவிட்டு சிகாகோவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியில் வேலை பார்த்தார். 1928-ல் பட்டம், 1929-ல் மேல்பட்டம். அந்நாட்களில் பேராசிரியர் வான் விளெக் அங்கு குவாண்டம் கொள்கை கற்பித்துக் கொண்டிருந்தார். ஆங்கில விஞ்ஞானி டிராக் மாடிசனுக்கு வந்து சொற்பொழிவுகள் ஆற்றினார். இவற்றையெல்லாம் கேட்ட பார்டீனுக்குப் பௌதிகத்தில் ஆசை விழுந்தது.

மூடிக் கொண்ட கதவு

அப்போது அமெரிக்காவில் விஞ்ஞானம் படித்த இளைஞர்கள் கனவு கண்ட இடம் பெல் டெலிபோன் ஆராய்ச்சிக் கூடம். டெலிபோன் கம்பெனியின் பணம், பல்கலைக்கழகத்துக்குச் சமமான ஆராய்ச்சிச் சூழ்நிலை இரண்டும் அங்கு ஒன்றாக இருந்தன. மின்பொறியியலும் பௌதிகமும் ஒருங்கே தெரிந்த பார்டீனுக்கு அது பொருத்தமான இடம்.

ஆனால் 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. தொழிற்சாலைகள் மூடப்பட்டன. டெலிபோன் வைத்திருந்தவர்கள்கூட இணைப்பைத் துண்டித்தார்கள். பெல் கூடம் புதிதாக ஆளெடுப்பதை நிறுத்தியது. இருப்பவர்களுக்கும் வேலை நாட்களைக் குறைத்தது. இந்தத் தடை 1936 வாக்கில்தான் தளர்ந்தது.

பிற்காலத்தில் டிரான்சிஸ்டருக்காக நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்ட மூவரின் வேலைத் தொடக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காலத்தின் விளையாட்டு விளங்கும். வால்டர் பிராட்டன் 1929-ல், சந்தை சரிவதற்குச் சில வாரங்கள் முன்னதாக, பெல் கூடத்தில் சேர்ந்துவிட்டார். வில்லியம் ஷாக்லி 1936-ல் டாக்டர் பட்டம் பெற்று வெளியே வந்தபோது தடை தளர்ந்திருந்தது. அவரும் உடனே சேர்ந்துவிட்டார். இடையில் 1930-ல் வந்தவர் பார்டீன். மூவரில் பார்டீன் எவருக்கும் திறமையில் குறைந்தவர் அல்லர். அவர் செய்த ஒரே தவறு 1908-ல் பிறந்து 1930-ல் வேலை தேடியதுதான்.

எண்ணெய்க் கம்பெனியில் மூன்று வருஷங்கள்

விஸ்கான்சினில் அவருக்குப் பாடம் சொன்ன லியோ பீட்டர்ஸ் என்பவர், பிட்ஸ்பர்க் நகரில் கல்ஃப் எண்ணெய்க் கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்துக்கு வேலைக்குப் போனார். பார்டீனும் 1930-ல் அவருடன் அங்கு போய்ச் சேர்ந்தார்.

வேலை என்னவென்றால், பூமிக்கு மேலே நின்றுகொண்டு, காந்த சக்தியும் புவியீர்ப்பும் இடத்துக்கு இடம் எவ்வளவு மாறுகின்றன என்று நுட்பமாக அளந்து, கீழே எந்த மாதிரிப் பாறை அடுக்குகள் இருக்கின்றன, எங்கே எண்ணெய் இருக்கக் கூடும் என்று கணக்கிடுவது. கிணறு தோண்டும் செலவு பெரிது என்பதால் எண்ணெய்க் கம்பெனிகளுக்கு இந்தக் கணக்கு மிகவும் அவசியம். மேலே கிடைக்கும் அளவுகளைக் கொண்டு உள்ளே இருப்பதை ஊகிக்கும் கணித முறைகளை அவர் உருவாக்கினார். பௌதிகத்தின் புதிய உலகம் ஐரோப்பாவில் விரிந்து கொண்டிருந்தபோது, அதில் ஈடுபட வேண்டிய ஒருவர் எண்ணெய் தேடிக் கொண்டிருந்தார் என்று சொல்லலாம்.

ஆனால் அந்த மூன்று வருஷங்களில் வெளியே நிலைமை மோசமாகிக் கொண்டே போனது. 1933-ல் அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. அந்த ஆண்டு மார்ச் மாதம் நாடு முழுவதும் வங்கிகளைச் சில நாட்கள் மூட வேண்டியதாயிற்று. மாதச் சம்பளம் உள்ள எவரும் வேலையைக் கெட்டியாகப் பிடித்துக் கொண்ட காலம் அது.

துணிந்து எடுத்த முடிவு

அந்த 1933-ல்தான் பார்டீன் நல்ல சம்பளம் தந்த வேலையை விட்டுவிட்டு, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கணித பௌதிகம் படிக்கப் போனார். அப்போது வயது 25. சம்பளத்தில் சேர்த்து வைத்திருந்த பணம் கைகொடுத்தது. பிரின்ஸ்டனில் அவருக்கு வழிகாட்டியாக அமைந்தவர் ஹங்கேரியிலிருந்து வந்த மேதை யூஜீன் விக்னர். உலோகத்தின் மேற்பரப்பில் எலெக்ட்ரான்கள் எப்படி நடந்து கொள்கின்றன, உலோகத்தை விட்டு ஓர் எலெக்ட்ரானை வெளியேற்ற எவ்வளவு சக்தி வேண்டும் என்பது அவருடைய ஆராய்ச்சி விஷயம். திடப்பொருள் பௌதிகம் என்ற துறையே அப்போது பிறந்து கொண்டிருந்தது. பிரடெரிக் சீட்ஸ், கானியர்ஸ் ஹெர்ரிங் போன்றோர் உடன் படித்தவர்கள். பின்னாளில் ஒருவருக்கொருவர் உதவிய நட்பு அது.

1935-ல் ஹார்வர்டில் மூன்றாண்டு ஜூனியர் ஃபெல்லோ பதவி கிடைத்தது. விஸ்கான்சினில் அவருக்குக் குவாண்டம் கொள்கை சொல்லிக் கொடுத்த வான் விளெக் அதற்குள் ஹார்வர்டுக்கு வந்திருந்தார். அதே வருஷம் தகப்பனார் காலமானார். 1936-ல் டாக்டர் பட்டம். 1938-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் துணைப் பேராசிரியர் வேலை. பிட்ஸ்பர்க்கில் இருந்தபோது பழக்கமான ஜேன் மேக்ஸ்வெல் என்ற பெண்மணியை அந்த வருஷம்தான் மணந்து கொண்டார். வேலைக்குப் புறப்பட்ட 1930-லிருந்து நிலையான ஓர் இடத்தில் அமர எட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. அவருக்கு வயது முப்பது.

யுத்தமும் பழைய கணக்கும்

மினசோட்டாவில் அவர் மீக்கடத்தல் பற்றி யோசிக்கத் தொடங்கினார். சில உலோகங்களை மிகக் குளிர்ந்த நிலைக்குக் கொண்டு போனால், மின்சாரம் எவ்விதத் தடையும் இன்றி அவற்றில் ஓடிக் கொண்டே இருக்கும். ஹாலந்தின் காமர்லிங் ஆனஸ் 1911-ல் கண்ட இந்த விந்தைக்குக் காரணம் ஒருவருக்கும் விளங்கவில்லை. பார்டீனின் முயற்சி முடிவதற்குள் யுத்தம் குறுக்கிட்டது.

1941 முதல் 1945 வரை அவர் வாஷிங்டனில் கடற்படையின் ஆயுத ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றினார். எதிரிகள் கடலில் போட்ட கண்ணிகள் கப்பலின் காந்த சக்தியை உணர்ந்து வெடிப்பவை. கப்பல் போகும்போது சுற்றிலும் காந்தப் புலம் எப்படி மாறுகிறது என்று கணக்கிட வேண்டும். இது எண்ணெய்க் கம்பெனியில் பாறைக்காகப் போட்ட கணக்கின் உடன்பிறப்பு. மந்தத்தின் காரணமாக ஏற்றுக் கொண்ட வேலையில் கற்றது, பத்து வருஷம் கழித்து நாட்டுக்குப் பயன்பட்டது.

திறந்த கதவும் அதன் விலையும்

யுத்தம் முடிந்ததும் 1945-ல் பெல் கூடம் பார்டீனை அழைத்தது. பல்கலைக்கழகத்தைவிட அதிகச் சம்பளம். 1930-ல் நுழைய முடியாத இடத்துக்குப் பதினைந்து வருஷம் கழித்து, 37-வது வயதில் போய்ச் சேர்ந்தார். அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர்களுக்கு சீனியாரிட்டியின் அருமை தெரியும். ஷாக்லி இவரைவிட வயதில் இளையவர். ஆனால் ஒன்பது வருஷம் முன்னால் சேர்ந்தவர் என்பதால் பிரிவின் தலைவர் அவர். பார்டீன் அவருக்குக் கீழே வேலை செய்ய வேண்டியிருந்தது. மந்தத்தின் நிழல் எவ்வளவு தூரம் நீண்டது என்பதற்கு இது ஓர் அடையாளம்.

அந்நாளில் டெலிபோன், ரேடியோ எல்லாவற்றிலும் மின்னலையைப் பெரிதாக்கக் கண்ணாடி வால்வுகளே பயன்பட்டன. அவை சூடாகும், அடிக்கடி கெட்டுப் போகும், மின்சாரத்தையும் விழுங்கும். ஜெர்மானியம், சிலிகான் போன்ற குறைகடத்திகளைக் கொண்டு மாற்று ஏற்பாடு செய்ய முடியுமா என்பது கேள்வி. ஷாக்லி போட்ட திட்டம் சரியாகத் தோன்றியும் சோதனையில் பலிக்கவில்லை. காரணம் என்ன என்று கேட்டபோது பார்டீன், 1946-ல், விடை சொன்னார். குறைகடத்தியின் மேற்பரப்பில் எலெக்ட்ரான்கள் சிக்கிக் கொண்டு உள்ளே இருப்பவற்றுக்குத் திரை போடுகின்றன என்பதே அந்த விடை. பிரின்ஸ்டனில் டாக்டர் பட்டத்துக்காக அவர் ஆராய்ந்தது மேற்பரப்பு எலெக்ட்ரான்களைத்தானே!

விளக்கம் கிடைத்தவுடன் வழியும் கிடைத்தது. பார்டீன் சிந்திக்க, பிராட்டன் கைவேலை செய்ய, இருவரும் ஒரே அறையில் இருந்து உழைத்தார்கள். 1947 டிசம்பர் 16-ம் தேதி, ஒரு ஜெர்மானியத் துண்டின் மேல் மிக நெருக்கமாக இரண்டு தங்க முனைகளை அழுத்தி வைத்துச் செய்த சாதனம் மின்னலையைப் பெரிதாக்கியது. 23-ம் தேதி மேலதிகாரிகளுக்கு அதைக் காட்டினார்கள். அதுவே முதல் டிரான்சிஸ்டர். 1948 ஜூன் 30-ம் தேதி உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

பெருமை வந்த இடத்தில் பூசலும் வந்தது. தன் பெயர் முன்னிலையில் இல்லையே என்ற வருத்தத்தில் ஷாக்லி தனியாக வேறு வகை டிரான்சிஸ்டரை வகுத்தார். மற்ற இருவரையும் அடுத்த கட்டப் பணிகளிலிருந்து ஒதுக்கினார். சண்டை போடும் சுபாவம் பார்டீனுக்கு இல்லை. மிகவும் மெதுவாகப் பேசுபவர், அதிலும் குறைவாகவே பேசுபவர். 1951-ல் பிரின்ஸ்டன் நண்பர் சீட்ஸின் முயற்சியால் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்தார். மின்பொறியியல், பௌதிகம் ஆகிய இரு துறைகளிலும் அவருக்கு இடம் தரப்பட்டது.

இரண்டாவது சிகரம்

1956 நவம்பரில் ஒரு நாள் காலை, சமையலறையில் சிற்றுண்டி செய்து கொண்டிருந்தபோது நோபல் பரிசுச் செய்தியை ரேடியோவில் கேட்டார். வாணலி கைதவறிக் கீழே விழுந்தது என்பார்கள். ஆனால் அவர் மனம் அப்போது வேறு இடத்தில் இருந்தது. யுத்தத்தால் நின்றுபோன மீக்கடத்தல் ஆராய்ச்சியை மறுபடி எடுத்திருந்தார். லியோன் கூப்பர் என்ற இளம் ஆய்வாளர், ராபர்ட் ஷ்ரீஃபர் என்ற மாணவர் இருவரையும் சேர்த்துக் கொண்டு, 1957-ல் முழுக் கொள்கையை வெளியிட்டார். 46 வருஷங்களாக விடை தெரியாமல் இருந்த கேள்வி தீர்ந்தது. மூவருக்கும் 1972-ல் நோபல் பரிசு. பரிசுப் பணத்திலிருந்து, தமக்கு முன்னால் இத்துறையில் உழைத்த ஃபிரிட்ஸ் லண்டன் நினைவாகச் சொற்பொழிவுகள் நடக்க நன்கொடை அளித்தார்.

அவருடைய மாணவர் நிக் ஹோலோன்யாக் 1962-ல் கண்ணுக்குத் தெரியும் ஒளி தரும் எல்.இ.டி.யை உருவாக்கினார். இன்று நம் வீட்டு விளக்குகளும் அந்தப் பரம்பரைதான். 1975-ல் ஓய்வு பெற்ற பிறகும் ஆராய்ச்சியை விடாத பார்டீன், 1991 ஜனவரி 30-ம் தேதி 82-வது வயதில் காலமானார்.

நாம் தெரிந்து கொள்ள வேண்டியது

இந்த வரலாற்றைப் படித்து, மந்தம் வந்ததும் நன்மைக்கே என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பொருளாதார ஆராய்ச்சி வேறு விதமாகச் சொல்கிறது. அமெரிக்காவில் 1979 முதல் 1989 வரை பட்டம் பெற்றவர்களைப் பற்றி லிசா கான் 2010-ல் வெளியிட்ட ஆய்வின்படி, பட்டம் பெறும் சமயத்தில் வேலையின்மை விகிதம் 1 சதவீதப் புள்ளி கூடினால் ஆரம்பச் சம்பளம் 6 முதல் 7 சதவீதம் வரை குறைகிறது. பதினைந்து வருஷம் கழித்தும் சுமார் 2.5 சதவீதம் குறைவு மிச்சம் இருக்கிறது. கனடாவில் ஓரியோபூலஸ் முதலிய மூவர் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், ஆரம்பத்தில் சுமார் 9 சதவீத நஷ்டம் இருந்து, பத்து வருஷங்களில் அது மறைகிறது என்று கண்டார்கள். மறைவதற்கு முக்கியக் காரணம், காலம் தேறியதும் சிறிய கம்பெனியிலிருந்து நல்ல கம்பெனிக்கு மாறிப் போனதுதான். மாற முடியாதவர்களுக்கு நஷ்டம் நிலைத்துவிடுகிறது. ஜப்பானில் 1990-களின் மத்தியிலிருந்து சுமார் பத்து வருஷம் ஆளெடுப்பு உறைந்து போனபோது பட்டம் பெற்றவர்களில் பலர், நடுவயதிலும் தற்காலிக வேலைகளிலேயே தங்கிவிட்டார்கள். காயம் உண்மையானது, பிள்ளைகளின் சோம்பலோ திறமைக் குறைவோ அதற்குக் காரணம் அல்ல.

இது நமக்கும் புதிதல்ல. பார்டீன் எண்ணெய் தேடிய அதே 1930-களில், படித்தவர்களின் வேலையில்லாத் திண்டாட்டத்தை ஆராய ஐக்கிய மாகாண அரசு தேஜ் பகதூர் சாப்ரு தலைமையில் ஒரு குழுவையே அமைக்க வேண்டி வந்தது. நம் பாட்டனார்களில் பலர் பட்டத்தோடு டைப்ரைட்டிங், ஷார்ட்ஹாண்டும் கற்றுக் கொண்டு பம்பாய், கல்கத்தா, டில்லி என்று ரயிலேறியதில்தான் நம் சங்கங்கள் பல ஊர்களில் தோன்றின. 1966-69-ல் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு விடுமுறை விட்டபோது இன்ஜினீயர்கள் வேலையின்றி அலைந்தது நம் தலைமுறைக்கு நினைவிருக்கும். 2001, 2008-09, 2020 ஆண்டுகளில் படிப்பை முடித்த பிள்ளைகளையும், வேலை உத்தரவு கையில் கிடைத்தும் சேரச் சொல்லி அழைப்பு வராமல் 2022-23-ல் மாதக் கணக்கில் காத்திருந்தவர்களையும் நம்மில் பலர் வீட்டிலேயே பார்த்திருக்கிறோம்.

பார்டீன் மீண்டதற்கு மூன்று காரணங்களை நான் காண்கிறேன். முதலாவது, கிடைத்த வேலையை அலட்சியமாகச் செய்யவில்லை. அதில் கற்றது பிறகு உதவியது. இரண்டாவது, அந்த வேலையிலேயே தங்கிவிடவும் இல்லை. மூன்று வருஷத்தில் மேற்படிப்புக்குப் போனார். மூன்றாவது, அவருக்குப் பின்பலம் இருந்தது. படித்த குடும்பம், கையில் சேமிப்பு, கடமைப்பட்டவர் எவரும் இல்லாத நிலை, கை தூக்கிவிட்ட ஆசிரியர்களும் நண்பர்களும். முதல் இரண்டும் பிள்ளைகள் கையில் இருக்கின்றன. மூன்றாவது பெரியவர்களாகிய நம் கையில் இருக்கிறது.

ஆகவே, கல்யாணத்திலும் பூணூலிலும் சந்திக்கும் இளைஞனிடம் எங்கே வேலை, சம்பளம் என்ன என்று முதல் கேள்வியாகக் கேட்பதைக் கொஞ்சம் ஒத்திப் போடலாம். ஜாதகப் பரிவர்த்தனையில் முதல் உத்தியோகத்தை வைத்துப் பையனையோ பெண்ணையோ எடை போடாமல் இருக்கலாம். 1933-ல் வேலையை விட்டுவிட்டு மறுபடி மாணவனான பார்டீனின் ஜாதகத்தை நம்மில் எத்தனை பேர் வாங்கிக் கொண்டிருப்போம்? கிடைத்ததை விடாதே என்று அரசாங்க உத்தியோகத்தில் இருந்த நாம் பழக்கத்தினால் சொல்லும் புத்திமதியையும், பிள்ளையின் கையில் சேமிப்பும் படிக்க ஆசையும் இருக்கும்போது சற்று அடக்கிக் கொள்ளலாம். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு, அந்த ஓரிரு வருஷத்தைத் தாண்ட ஒரு படிப்புச் செலவோ, தங்க இடமோ, தெரிந்தவர் ஒருவருக்கு ஓர் அறிமுகமோ பெரிய உதவி. பல ஊர்களில் அங்கத்தினர்கள் உள்ள நம் சங்கத்தால் இதைச் செய்ய முடியும். ஒவ்வொரு கிளையிலும் ஓய்வு பெற்ற நாலைந்து பேர் முன்வந்தாலே போதும்.